‘தி ஹோல் நைன் யார்ட்ஸ்’: ஓர் ஆங்கிலத் தொடர் பிறந்த இடத்தைத் தேடுவது எப்படி

அமெரிக்க ஆங்கிலத்தில் ‘தி ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்றால் ஒன்று விடாமல் எல்லாம் என்று அர்த்தம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘ஒன்பது கஜமும்’. எதன் ஒன்பது கஜம் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். புடவை, துப்பாக்கித் தோட்டா, கான்கிரீட் லாரி, பாய்க்கப்பல் என்று பட்டியல் நீளும். எல்லாக் கதைகளும் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றுக்குக்கூடச் சான்று கிடையாது.

சொற்களின் பிறப்பைத் தேடும் ஆர்வம் புதிதாக வந்திருப்பவர்களுக்கு இந்தத் தொடரைவிட நல்ல பயிற்சி இல்லை. பல்லாண்டுகளாகப் பலர் இதைத் துரத்தியிருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்தவை எல்லாம் தேதியோடு பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் எங்கே சறுக்குவோம் என்பதை இந்த ஒன்றை வைத்தே கற்றுக்கொள்ளலாம். காசு செலவில்லை. இணைய இணைப்பும், கிடைப்பதை எழுதிவைக்க ஒரு நோட்டும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

முதல் படி: பொருளை இறுக்கிப் பிடியுங்கள்

மூலத்தைத் தேடும் அவசரத்தில் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தொடர் இன்று எப்படிப் புழங்குகிறது என்று முதலில் பாருங்கள். இது பேச்சுவழக்கு. பெரும்பாலும் ஒரு பட்டியலின் கடைசியில் வரும்: பூ அலங்காரம், பேண்டு வாத்தியம், வாணவேடிக்கை, ஹோல் நைன் யார்ட்ஸ். ‘கோ’ என்ற வினையோடு சேர்ந்தால், ஒரு காரியத்தை அரைகுறையாக விடாமல் கடைசிவரை செய்வது என்று பொருள் தரும். அலுவலகக் கடிதத்தில் எழுதினால் கொஞ்சம் உறுத்தும், நண்பர்களிடம் பேசும்போது உறுத்தாது.

இதிலிருந்து நமக்கு ஓர் உரைகல் கிடைக்கிறது. வாக்கியத்தில் கஜக்கோலால் அளக்கக்கூடிய பொருள் ஏதாவது இருக்கிறதா? துணி, கயிறு, மைதானம் என்று எதாவது இருந்தால், அங்கே ‘ஒன்பது கஜம்’ என்பது வெறும் அளவாகவே இருக்கலாம். அளக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் வந்தால்தான் அது மரபுத்தொடர். இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தேடல் முடியும்வரை இது உதவும்.

இரண்டாம் படி: புழக்கத்தில் உள்ள கதைகளைத் திரட்டுங்கள்

எதையும் நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். கேட்ட கதைகளை எழுதிவைத்தால் போதும். இந்தத் தொடருக்கு அடிக்கடி சொல்லப்படுபவை இவை.

இரண்டாம் உலகப் போரில் போர்விமானத் துப்பாக்கிகளின் தோட்டா வார் 27 அடி நீளம் இருந்ததாம். 27 அடி என்றால் ஒன்பது கஜம். எதிரி விமானத்தின் மேல் முழு வாரையும் சுட்டுத் தீர்த்தால் அது ஹோல் நைன் யார்ட்ஸ். இன்னொன்று, கான்கிரீட் கலவை லாரியின் கொள்ளளவு ஒன்பது கன கஜம் என்பது. நியூயார்க் டைம்ஸில் மொழி பற்றிப் பல ஆண்டுகள் பத்தி எழுதிய வில்லியம் சஃபையரே ஒரு காலத்தில் இந்தப் பக்கம் சாய்ந்தவர். மூன்று பாய்மரம், மரத்துக்கு மூன்று குறுக்குமரம், ஆக ஒன்பது என்பது கப்பல் கதை. பாய் கட்டும் குறுக்குமரத்துக்கும் ஆங்கிலத்தில் ‘யார்ட்’ என்றுதான் பெயர். இவை தவிர ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கில்ட், அமெரிக்கக் கால்பந்து, நம்முடைய புடவை எல்லாம் உண்டு.

மூன்றாம் படி: கணக்குப் போட்டுப் பாருங்கள்

சில கதைகள் இங்கேயே விழுந்துவிடும். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி பந்தைத் தக்கவைக்க முன்னேற வேண்டியது பத்து கஜம். ஒன்பதில் நின்றால் அது தோல்வி. ‘எல்லாம்’ என்ற பொருள் தோல்வியிலிருந்து எப்படி வரும்? தோட்டாக்களைப் படையில் எண்ணிக்கையால்தான் கணக்கிடுவார்கள், நீளத்தால் அல்ல. வாரின் நீளமும் விமானத்துக்கு விமானம், துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். பெரிய பாய்க்கப்பல்களில் ஒன்பதுக்கும் அதிகமான குறுக்குமரங்கள் இருந்தன.

கணக்கு பொருந்தவில்லை என்றால் சந்தேகப்படலாம். பொருந்தினால் உடனே நம்பிவிடக் கூடாது. மனிதர்கள் பயன்படுத்தும் பொருள்களில் எதையாவது ஒன்பது கஜம் இருக்கும்படி கண்டுபிடிப்பது சுலபம். அதனால் கணக்கை ஒரு வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போக வேண்டும். உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

நான்காம் படி: தேதியைப் பின்னோக்கித் தள்ளுங்கள்

ஒரு தொடரின் கதையைத் தீர்மானிப்பது அது அச்சில் வந்த பழைய தேதிகள்தான். ஒரு கதை சொல்லும் காலத்துக்கு முன்பே தொடர் அச்சில் இருந்தால் அந்தக் கதை முடிந்தது. அதற்கு மேல் விவாதம் வேண்டியதில்லை.

இந்தத் தொடரின் தேதி பின்னோக்கிப் போன விதத்தைக் கவனியுங்கள். நீண்ட காலம் 1960களுக்கு முந்தைய சான்று எதுவும் கையில் இல்லை. வியட்நாம் போரைப் பற்றி 1967இல் வந்த ஒரு புத்தகத்தில் இருந்ததால், இது அமெரிக்க விமானப்படையினரின் சொல் என்று பலர் நினைத்தார்கள். அப்புறம் 1964ஆம் ஆண்டுச் செய்தித்தாள் கட்டுரை ஒன்று கிடைத்தது. விண்வெளித் துறைக்காரர்களின் பேச்சு மொழியை விளக்கும் கட்டுரை அது. ஒவ்வோர் அம்சமாக முழு அறிக்கை கொடுப்பதற்கு அங்கே இந்தத் தொடர் வழங்குவதாக அதில் இருந்தது. உடனே விண்வெளித் துறையை நோக்கி ஒரு கூட்டம் திரும்பியது. பிறகு 1962ஆம் ஆண்டுச் சான்றும் கிடைத்தது.

2012இல் பெரிய திருப்பம். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆராய்ச்சி செய்துவந்த பானி டெய்லர்-பிளேக், கென்டக்கி மாநிலத்தின் மீன், வனவிலங்குத் துறை நடத்திய ‘கென்டக்கி ஹேப்பி ஹண்டிங் கிரவுண்ட்’ என்ற இதழில் 1956, 1957ஆம் ஆண்டுகளில் இதே தொடர் வந்திருப்பதைக் கண்டுபிடித்தார். வேட்டையும் மீன்பிடிப்பும் பற்றிய கட்டுரைகள் அவை. சுடுகிற விமானமும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை.

அதைத் தொடர்ந்து யேல் சட்டக் கல்லூரி நூலகரும் மேற்கோள் அகராதித் தொகுப்பாளருமான ஃப்ரெட் ஷபிரோ இன்னொரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். கென்டக்கியின் ‘மவுண்ட் வெர்னன் சிக்னல்’ என்ற ஊர்ப் பத்திரிகை, 1912. ஆனால் அங்கே ஒன்பது இல்லை, ஆறு: ‘தி ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்’. அமெரிக்க அதிபர் தேர்தலில் முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்டும் அன்றைய அதிபர் டாஃப்டும் அடித்துக்கொண்ட ஆண்டு அது. சண்டை முற்றட்டும், ஆறு கஜத்தையும் சொல்லிவிடுவார்கள் என்கிறது ஒரு குறிப்பு. இந்த இதழில் எல்லாச் செய்தியையும் சேர்க்க முடியவில்லை, அடுத்த இதழில் ஆறு கஜத்தையும் தருகிறோம் என்கிறது இன்னொன்று. 1921இல் தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் ஒரு பத்திரிகைத் தலைப்பிலும் ஆறு கஜம் வருகிறது.

ஆறு, ஒன்பது என்று எண்ணே மாறுகிறது என்றால் எதன் ஒன்பது கஜம் என்ற கேள்விக்கு அர்த்தமே போய்விடுகிறது. முதலில் ஆறாக இருந்து, மிகைப்படுத்தும் ஆசையில் ஒன்பதாகப் பெருகியிருக்கலாம் என்று ஷபிரோ அப்போது வாதிட்டார். பேரானந்தத்தைக் குறிக்க ‘கிளவுட் நைன்’ (ஒன்பதாம் மேகம்) என்று இன்று சொல்லும் தொடர் முன்பு ஏழு என்றும் வழங்கியதை அதற்கு ஒப்புமையாகக் காட்டினார்கள்.

சரி, இத்தோடு முடிந்ததா? இல்லை. இண்டியானா மாநிலத்தின் மிட்செல் என்ற சிற்றூரில் வெளிவந்த ‘மிட்செல் கமர்ஷியல்’ பத்திரிகையில் 1907, 1908ஆம் ஆண்டுக் குறிப்புகள் அதற்குப் பிறகு கிடைத்தன. அங்கே மறுபடியும் ஒன்பது. 1908 ஜூனில் வந்த குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ராஸ்கோ என்பவர் மீன் பிடிக்கப் போய்விட்டுப் பெரிய கதையோடு வந்திருக்கிறார், அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எங்களால் முடியாது, என்றாவது ஏமாந்த ஒருவர் சிக்குவார், அவருக்கு ஒன்பது கஜத்தையும் அவிழ்த்துவிடுவார் என்று போகிறது. ஆறிலிருந்து ஒன்பது என்ற வரிசை இதனால் ஆட்டம் கண்டது. ஆனால் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில், அடுத்தடுத்த மாநிலங்களில் புழங்கின என்பது இன்னும் உறுதியானது.

தோட்டாக் கதைக்கும் கான்கிரீட் லாரிக் கதைக்கும் 1907 என்ற தேதியே போதும். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்தது 1903இல். விமானத்தில் துப்பாக்கி பொருத்திச் சண்டை போட்டது முதல் உலகப் போரில். கலவையைச் சுழற்றிக்கொண்டே ஓடும் கான்கிரீட் லாரியும் 1907க்குப் பிறகு வந்ததுதான்.

தேடும்போது கவனிக்க வேண்டியவை

அமெரிக்கத் தொடர்களுக்கு முதலில் போக வேண்டிய இடம் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இலவசமாகத் தரும் ‘கிரானிக்ளிங் அமெரிக்கா’ தொகுப்பு. சின்ன ஊர்ப் பத்திரிகைகள் அதில் நிறைய உண்டு. இண்டியானா மாநிலத்துக்குத் தனியாக ‘ஹூசியர் ஸ்டேட் கிரானிக்கிள்ஸ்’ இருக்கிறது. ஆஸ்திரேலியப் பத்திரிகைகளுக்கு அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’. புத்தகங்களுக்கு கூகுள் புக்ஸ், ஹாத்திட்ரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ். தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். இல்லாவிட்டால் சொற்கள் தனித்தனியாக வந்த பக்கங்களும் கொட்டும்.

ஒரே வடிவத்தைத் தேடி நிறுத்திவிடாதீர்கள். 1956 குறிப்பில் ‘நைன்’, ‘யார்ட்ஸ்’ இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு கோடு இருந்தது. 1907 குறிப்பில் ‘ஹோல்’ இல்லை, ‘ஃபுல்’ இருந்தது. 1962ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்றில் ‘ஆல் நைன் யார்ட்ஸ்’. ஆறு கஜத்தை யாரும் முன்கூட்டி எதிர்பார்த்திருக்கவே முடியாது. ஆகவே எண்ணை மாற்றிப் பாருங்கள், முன்னால் வரும் சொல்லை மாற்றிப் பாருங்கள், வேறு வினையைச் சேர்த்துப் பாருங்கள்.

பழைய பத்திரிகைகளைக் கணினி ஓசிஆர் முறையில், அதாவது பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளை அடையாளம் கண்டு, படித்திருக்கும். தேய்ந்த அச்சில் எழுத்துகள் பிறழ்ந்திருக்கும், வரி உடையும் இடத்தில் சொல் துண்டாகியிருக்கும். எனவே தேடலில் வரவில்லை என்பதால் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். கிடைத்தாலும் எழுத்துப் பெயர்ப்பை மட்டும் நம்பாமல் பக்கத்தின் படத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

கூகுள் புக்ஸில் இன்னொரு வலை இருக்கிறது. தொடர்ந்து வெளிவரும் இதழ்களுக்கு அது பல நேரம் முதல் தொகுதியின் ஆண்டைப் போட்டுவிடும். 1931 என்று காட்டும், உள்ளே புரட்டினால் 1974இல் நடந்த செய்தி இருக்கும். புத்தகம் முழுதாகத் திறக்காமல் துணுக்கு மட்டும் தெரிந்தால், அதே தொகுதிக்குள் வேறு ஆண்டுகளைத் தேடிப் பார்த்து உண்மையான காலத்தை ஊகிக்கலாம். ஒரு சொல் எந்த ஆண்டில் எவ்வளவு வருகிறது என்று காட்டும் கூகுளின் என்கிராம் வியூவர் வரைபடத்தையும் இதே எச்சரிக்கையோடு பாருங்கள். ஒரு தொடர் எப்போது பரவலானது என்று அறிய அது உதவும். எப்போது பிறந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இனி முதல் படியில் வைத்துக்கொண்ட உரைகல்லை வெளியே எடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகளில் ‘ஒன்பது கஜம்’ ஏராளமாகக் கிடைக்கும். அநேகமாக எல்லாமே துணி விளம்பரம், தையல் குறிப்பு. 1942இல் அமெரிக்க செனட் குழு முன் அட்மிரல் எமரி லேண்ட் சொன்ன வார்த்தையிலும் இதே மூன்று சொற்கள் வருகின்றன. அவர் பேசியது கப்பல் கட்டும் தளங்களைப் பற்றி. அதற்கும் ஆங்கிலத்தில் ‘யார்ட்’தான். ஒன்பது தளங்களையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். சொல் ஒன்றாக இருப்பதாலேயே சான்று ஆகிவிடாது.

இந்த உரைகல் கொஞ்சம் திணறும் இடமும் ஒன்று உண்டு. 1855 ஜனவரியில் இண்டியானாவின் நியூ ஆல்பனியில் ஒரு பத்திரிகை, நீதிபதி ஒருவரின் சட்டையைப் பற்றிய வேடிக்கைக் கதையை வெளியிட்டது. மூன்று சட்டைக்கான துணி எடுக்கச் சொன்னால், ஒன்பது கஜத்தையும் ஒரே சட்டையில் போட்டுத் தைத்துவிட்டாளே என்று அவர் புலம்புகிறார். இங்கே அளக்கத் துணி இருக்கிறது. ஆகவே மரபுத்தொடர் என்று சொல்ல முடியாது. ஆனால் நியூ ஆல்பனி, மிட்செல் இரண்டும் தெற்கு இண்டியானா. ஓஹியோ ஆற்றைத் தாண்டினால் கென்டக்கி. 1907, 1908, 1912, 1956 சான்றுகள் எல்லாம் இந்த ஒரே வட்டாரத்தில் வந்து விழுகின்றன. அந்தச் சட்டைக் கதை வாய்மொழியாகப் பரவித் தொடராகத் தேய்ந்ததா என்ற கேள்வி நியாயமான கேள்விதான். நடுவில் அரை நூற்றாண்டு இடைவெளி இருப்பதால், விடையாக அதை எழுதக் கூடாது.

புடவைக் கதையை என்ன செய்வது?

நம் வாசகர்களை அதிகம் இழுக்கும் கதை இதுதான் என்பதால் தனியாகச் சொல்கிறேன். மடிசார் ஒன்பது கஜம், மராத்தியரின் நவ்வாரியும் ஒன்பது கஜம். சாதாரணப் புடவையை ஆறு கஜம் என்போம். கென்டக்கியில் கிடைத்த எண்களும் ஆறு, ஒன்பது! இந்திய ஆங்கிலப் பத்திரிகைகள் புடவைக் கட்டுரைகளுக்கு இந்தத் தொடரையே தலைப்பாக வைப்பது வழக்கம் என்பதால், இரண்டும் சேர்ந்தே பிறந்தவை என்ற எண்ணம் நமக்கு எளிதில் வந்துவிடுகிறது.

இப்படி அழகாகப் பொருந்தும் இடத்தில்தான் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எந்த வழியாகப் போயிற்று? நம் சொற்கள் ஆங்கிலத்துக்குப் போனபோது தடம் விட்டுத்தான் போயின. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் மூன்றும் ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களைத் திரட்டி 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் பழைய மேற்கோள்களோடு இருக்கின்றன. வணிகர் குறிப்பு, பயணநூல், அதிகாரியின் கடிதம் என்று இந்தியாவிலிருந்து தொடங்கி ஒரு கோடு போடலாம். ‘ஹோல் நைன் யார்ட்ஸ்’ தொடருக்கு அப்படி ஒரு கோடு இல்லை. பழைய சான்றுகள் இந்தியாவிலோ லண்டனிலோ இல்லாமல், அமெரிக்க உட்பகுதிச் சிற்றூர்களில் தொடங்குகின்றன. புடவையைப் பார்த்தறியாத ஊர் நிருபர்கள், மீன்பிடிக் கதைக்கும் உள்ளூர்ச் செய்திக்கும் அதை எழுதுகிறார்கள்.

நாளைக்கு யாராவது 1907க்கு முந்தைய மதராஸ் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் இது ‘எல்லாம்’ என்ற பொருளில் வந்திருப்பதைக் காட்டினால் நிலைமை மாறும். அதுவரை புடவைக்கு இதில் பங்கு இல்லை என்றுதான் எழுத வேண்டும். நம்முடையது என்ற பாசம் இருக்கும் இடத்தில் சான்றை இன்னும் கறாராகக் கேட்பதுதான் நேர்மை.

கடைசிப் படி: தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள்

முடிவை மூன்று தட்டில் பிரித்து எழுதுவது நல்ல பழக்கம். இந்தத் தொடருக்கு அது இப்படி வரும்.

உறுதியானது: தொடர் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1907–08இல் இண்டியானாவிலும், ஆறு கஜம் என்ற வடிவில் 1912இல் கென்டக்கியிலும் அச்சில் இருக்கிறது. விமானச் சண்டை, கான்கிரீட் லாரி, விண்வெளித் துறை எல்லாம் இதற்குப் பிந்தியவை.

சாத்தியமானது: கஜம் என்பது இங்கே எந்தப் பொருளையும் அளக்கவில்லை, நீளத்தை மிகைப்படுத்துகிறது. மிட்செல் ராஸ்கோவின் மீன் கதை, மவுண்ட் வெர்னனின் இரண்டு குறிப்புகள் மூன்றுமே ஒரு கதையை அல்லது செய்தியை முழுக்கச் சொல்வதைப் பற்றியவை. துணியைக் கஜக்கணக்கில் வாங்கிய காலத்தில் பேச்சையும் கஜக்கணக்கில் சொல்வது இயல்பாக வந்திருக்கலாம். சான்றுகளை ஒன்றாக வைத்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இது. ஊகம் என்ற பெயரோடுதான் இதைத் தருகிறேன்.

தெரியாதது: யார் முதலில் சொன்னார்கள், ஏன் ஆறும் ஒன்பதும், 1855 கதைக்குத் தொடர்பு உண்டா என்பவை.

ஒவ்வொரு சான்றுக்கும் பத்திரிகையின் பெயர், ஊர், நாள், பக்கம் ஆகியவற்றைக் குறித்து, பக்கத்தின் படத்தையும் சேமித்துவையுங்கள். இணைப்புகள் மாறிப்போகும், படம் கையில் இருக்கும். இதுவரை கிடைத்ததைவிடப் பழைய சான்று ஏதாவது உங்களுக்குச் சிக்கினால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கு அனுப்பலாம். பொதுமக்களிடமிருந்து பழைய மேற்கோள்களைப் பெற்றுக்கொள்வது அவர்களின் நெடுநாள் வழக்கம்.

எங்கே தேடத் தொடங்குவது என்று கேட்டால், 1855க்கும் 1907க்கும் இடைப்பட்ட தெற்கு இண்டியானா, வடக்கு கென்டக்கி ஊர்ப் பத்திரிகைகளைச் சொல்வேன். முதல் பக்கத்தை விட்டுவிட்டு, இன்னார் ஊருக்குப் போனார், இன்னார் மீன் பிடித்தார் என்று வரும் உள்ளூர்த் துணுக்குகளைப் படியுங்கள். இந்தத் தொடர் இதுவரை அகப்பட்டதெல்லாம் பெரும்பாலும் அந்த மாதிரி மூலைகளில்தான்.